நலமாயிருக்கும் மாதங்கள்: இருமுனைப் பிறழ்வின் சுழற்சியை அறிந்த வரலாறு

"நீதான் இப்போது நன்றாக இருக்கிறாயே தம்பி, இன்னும் எதற்கு இந்த மாத்திரை?"

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவரிடம் நான் கேட்ட கேள்வி இது. அன்பினால் கேட்டதுதான். ஆனால் அக்கேள்வி எத்தனை பழையது என்பதும், அதற்கு விடை காண மருத்துவ உலகம் நூறாண்டுக்கும் மேலாக உழைத்திருக்கிறது என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

அவர் இளங்கலைத் தமிழ் படிக்க வந்தவர். முதலாண்டின் இரண்டாம் பருவத்தில் வகுப்பே அவரால் ஒளிபெற்றது. ஒரே வாரத்தில் மூன்று கருத்தரங்கக் கட்டுரைகளை எழுதிக்கொண்டு வந்தார். இரவில் இரண்டு மணி நேரம் தூங்கினால் போதும் என்றார். நூலகத்திலிருந்து கைகொள்ளாமல் நூல்களை எடுத்துச் சென்றார்; கடன் வாங்கி அதைவிட அதிகமாக விலைக்கும் வாங்கினார். பேச்சு ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தது. நான் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு, துறை விழாப் பொறுப்பு முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தேன். அடுத்த பருவத்தில் பாதி நாட்கள் அவர் வகுப்புக்கு வரவில்லை. வந்த நாட்களிலும் கடைசி பெஞ்சில் தலைகவிழ்ந்து கிடந்தார். அதை நான் சோம்பல் என்று எடுத்துக்கொண்டு, எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன்.

அவருடைய தந்தையார் கல்லூரிக்கு வந்து சொன்ன பிறகுதான், மருத்துவர்கள் அதற்கு பைபோலார் டிஸார்டர் என்று பெயரிட்டிருப்பதை அறிந்தேன். தமிழில் இருமுனைப் பிறழ்வு என்கிறோம். சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில் அவர் பழைய நிலைக்குத் திரும்பினார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "எனக்கும் அந்த எண்ணம்தான் ஐயா" என்றார். சில வாரங்களில் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாம் மாதம் மருத்துவமனையில் இருந்தார். ஓராண்டுப் படிப்பு போயிற்று.

அவர் நிறுத்தியதற்கு என் சொல் மட்டுமே காரணம் என்பது மிகையாகும். ஆனால் என் சொல்லும் ஒரு காரணம். அந்த உறுத்தலில் படிக்கத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை. நான் மருத்துவன் அல்லன். இந்நோயைப் பற்றிய அறிவு எப்படி உருவாயிற்று என்ற வரலாற்றை மட்டும், ஓர் ஆசிரியனாக, எனக்கு விளங்கிய வரையில் சொல்ல முயல்கிறேன்.

*

'பித்து' என்னும் நம் சொல் பித்தம் என்ற உடற்கூற்றுக் கொள்கையோடு ஒட்டியது. கிரேக்க மருத்துவத்திலும் இதே போக்கைக் காண்கிறோம். மெலங்கோலியா என்ற சொல்லுக்குக் கரும்பித்தம் என்பதே பொருள். ஹிப்பாக்ரட்டஸ் பெயரால் வழங்கும் நூல்களில் மெலங்கோலியா, மேனியா ஆகிய இரு சொற்களும் உண்டு. ஆயினும் அவை இருவேறு கேடுகளாகவே எண்ணப்பட்டன. ஒருவன் துயரில் ஆழ்ந்திருந்தால் ஒரு பெயர். கட்டுக்கடங்காமல் கிளர்ந்திருந்தால் வேறு பெயர்.

கி.பி. முதலிரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்தவராகக் கருதப்படும் கப்படோக்கிய நாட்டு மருத்துவர் அரட்டேயஸ், இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் மாறி மாறித் தோன்றக்கூடும் என்பதைக் கண்டு எழுதினார். துயரமே கிளர்ச்சியின் தொடக்கமாக அமைவதுண்டு என்பது அவர் கருத்து. பிற்காலத்திலும் சிலர் இதைக் கவனித்தனர். எனினும் அந்தக் கவனிப்பு ஒரு தனி நோயின் இலக்கணமாக வளரப் பதினேழு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஏன் இத்தனைத் தாமதம்? மருத்துவர் நோயாளியைக் காண்பது ஒரு நாளில். அந்த நாளின் நிலைக்கே அவர் பெயரிடுகிறார். ஆறு மாதம் கழித்து அதே மனிதர் நேரெதிர் நிலையில் வேறொரு மருத்துவரிடம் சென்றால், அங்கே நோய்க்கு வேறு பெயர் கிடைக்கும். இடையில் நலமாயிருந்த காலத்தில் எந்த மருத்துவரும் அவரைப் பார்ப்பதில்லை. சுழற்சியைக் காண வேண்டுமென்றால் ஒரே ஆளை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப் பார்க்கும் வாய்ப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய மனநோய் இல்லங்களே தந்தன. அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களின் அவலம் தனிக்கதை. ஆனால் இந்த அறிவு பிறந்தது அந்த அவலத்தின் நடுவில்தான் என்பதை மறைக்க முடியாது.

*

பாரீஸ் நகரின் ஸால்பெட்ரியேர், ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் தங்கியிருந்த பெரும் மருத்துவமனை. அங்கே பணியாற்றிய இருவர் ழான் பியர் ஃபால்ரே, ஜூல் பாயார்ஜே. இருவரும் புகழ்பெற்ற மனநோய் மருத்துவர் எஸ்கிரோலின் மாணவர்கள். 1794இல் பிறந்த ஃபால்ரே மூத்தவர். பாயார்ஜே அவருக்குப் பதினைந்து ஆண்டுகள் இளையவர்.

அன்றன்று மேலோங்கித் தெரியும் அறிகுறியைக் கொண்டு நோய்க்குப் பெயர் சூட்டும் வழக்கத்தில் ஃபால்ரேக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. நோயின் முகத்தை விட அதன் நடையைப் பார்க்க வேண்டும் என்று அவர் தம் விரிவுரைகளில் வலியுறுத்தினார். 1851இல் வெளியான அவருடைய விரிவுரை ஒன்றில் வட்டமாகச் சுழலும் ஒரு நோய்வடிவம் குறிக்கப்பட்டது.

1854 ஜனவரி 31 அன்று பாயார்ஜே பிரெஞ்சு மருத்துவக் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். கிளர்ச்சியும் சோர்வும் ஒன்றையடுத்து ஒன்று வரும் புதிய நோய் ஒன்றை விவரித்து, அதற்கு 'ஈருருவப் பைத்தியம்' என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 14 அன்று, ஃபால்ரே அதே அவையில் எழுந்தார். இது புதிதன்று, தாம் முன்பே சொல்லி வருவது என்று வாதிட்டு, 'வட்டப் பைத்தியம்' என்ற தம் பெயரை முன்வைத்தார். யார் முந்தியவர் என்ற அந்தப் பூசல் ஆண்டுகள் பல நீடித்தது.

இலக்கிய உலகப் பூசல்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இதுவும் அவ்வகைத்தான் என்று தோன்றும். ஆனால் இருவருக்கும் இடையே கருத்தளவில் ஒரு வேறுபாடு உண்டு. பாயார்ஜேயின் வரையறையில் கிளர்ச்சியும் சோர்வும் சேர்ந்தது ஒரு தாக்கம். அத்தகைய இரு தாக்கங்களுக்கு இடையில் மனிதர் தெளிவோடு இருக்கும் காலம் நோய்க்கு வெளியே நிற்கிறது. ஃபால்ரேயின் வட்டத்திலோ மூன்று கூறுகள்: கிளர்ச்சி, சோர்வு, தெளிந்த இடைக்காலம். அந்த இடைக்காலம் குறுகியதாகவும் இருக்கலாம், நீண்டதாகவும் இருக்கலாம். எப்படியிருப்பினும் அது வட்டத்தின் ஒரு பகுதி.

இதைப் படித்தபோது என் கேள்வி என் காதிலேயே மீண்டும் ஒலித்தது. 'நீதான் நன்றாக இருக்கிறாயே' என்று நான் சொன்னபோது, அறியாமலேயே பாயார்ஜேயின் பக்கம் நின்றிருக்கிறேன். நலமாயிருக்கும் மாதங்களை நோயின் கணக்கிலிருந்து கழித்துவிட்டேன்.

*

அடுத்த பெரும் அடியை எடுத்து வைத்தவர் ஜெர்மானியரான எமில் கிரேபெலின். 1886இல் டோர்பாட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இன்றைய எஸ்தோனியாவின் டார்ட்டு நகரம் அது. அங்குள்ள நோயாளிகள் பலரின் மொழி அவருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பேச வேண்டியிருந்தது. 1891இல் ஹைடல்பர்க் வந்த பிறகு ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தனிச்சீட்டு எழுதிச் சேர்க்கும் முறையை விரிவாகக் கையாண்டார். சேர்ந்தபோது என்ன நிலை, எப்போது தெளிந்தார், எப்போது மீண்டும் வந்தார், கடைசியில் என்ன ஆனார் என்பவை அச்சீட்டுகளில் சுருக்கமாகப் பதிவாயின. அவற்றை அடுக்கி, கலைத்து, மீண்டும் அடுக்கி அவர் வகைகளைத் தேடினார்.

1899இல் வெளிவந்த அவருடைய பாடநூலின் ஆறாம் பதிப்பு இரண்டு பெருநோய்களைப் பிரித்துக் காட்டியது. ஒன்று, பெரும்பாலும் படிப்படியாகச் சிதைவை நோக்கிச் செல்வது. பின்னாளில் ஸ்கிஸோஃபிரீனியா என்று பெயர் பெற்றது. மற்றொன்று, வந்து போய் மீண்டும் வருவது. அதற்கு மேனியா, டிப்ரஷன் ஆகிய இரண்டையும் இணைத்துப் பெயரிட்டார். எதிரில் நிற்கும் நோயாளியின் அன்றைய தோற்றம் இரண்டிலும் ஒன்றுபோல இருக்கக்கூடும்; ஆண்டுகளின் ஓட்டத்தில்தான் வேறுபாடு தெரியும் என்பது அவர் முடிவின் சாரம்.

பிற்பதிப்பு ஒன்றில் தனித்தனி நோயாளிகளின் வாழ்க்கையை வண்ணக் கட்டங்களாக வரைந்து காட்டினார். கிளர்ச்சிக்குச் சிவப்பு, சோர்வுக்கு நீலம். அக்கட்டங்களில் இரண்டு செய்திகள் புலப்படும். ஒன்று, ஒருவரது சுழற்சி மற்றவருடையதைப் போல் இல்லை. சிலருக்குப் பத்தாண்டு இடைவெளி. சிலருக்கு ஓயாத அலை. மற்றொன்று, சிவப்பும் நீலமும் எப்போதும் வரிசை தவறாமல் மாறி மாறி வருவதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் கலந்தும் வரும். உடல் பதறி ஓடும், உள்ளம் இருண்டு கிடக்கும். இக்கலப்பு நிலைகளைப் பற்றி அவர் விரிவாக எழுதியிருக்கிறார். முதல் தாக்கத்திற்குப் பிந்திய இடைவெளி நீண்டதாகவும், போகப்போக இடைவெளிகள் குறுகுவதாகவும் பலரிடம் கண்டார்.

பரம்பரைச் சீர்கேடு என்ற கொள்கையிலும், அதையொட்டிய இனநல எண்ணங்களிலும் அவருக்கு இருந்த பற்று இன்று நாம் ஏற்கத் தகாதது. அந்தச் சிந்தனைப் போக்கு பின்னாளில் ஜெர்மனியில் மனநோயாளிகளுக்கே எமனாக வந்தது. கிரேபெலினைக் குறிப்பிடும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

*

சுழற்சியைப் பார்க்கக் கற்றாயிற்று. அதை நிறுத்துவது எப்படி? இதற்கான முதல் விடை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஜான் கேட் இரண்டாம் உலகப் போரில் மருத்துவ அதிகாரியாக இருந்தவர். 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்டு, மூன்றாண்டுகளுக்கு மேல் சாங்கி கைதி முகாமில் இருந்தார். திரும்பி வந்து மெல்போர்ன் நகரின் புறத்தே, பண்டூராவில் இருந்த மருத்துவமனையில் பணியாற்றினார். கைவிடப்பட்ட சமையல் பொருளறை ஒன்றே அவருடைய ஆய்வுக்கூடம். கிளர்ச்சியுற்ற நோயாளிகளின் சிறுநீரில் ஏதோ நச்சு இருக்கக்கூடும் என்ற ஊகத்தில், அதைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். யூரிக் அமிலத்தைக் கரைப்பதற்கு வசதியாக லித்தியம் உப்பைப் பயன்படுத்தியபோது விலங்குகள் அடங்கிக் கிடப்பதைக் கண்டார். அது நச்சின் தொடக்கமாகவே இருந்திருக்கலாம் என்று பிறர் பின்னர் கருதினர். ஊகம் பிழை, ஆனால் அது கொண்டு சேர்த்த இடம் சரியானது.

முதலில் தாமே விழுங்கிப் பார்த்துவிட்டு, 1948இல் நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1949 செப்டம்பரில் கட்டுரை வெளிவந்தது. மேனியா நோயாளிகள் பத்துப் பேரிடமும் வியக்கத்தக்க தெளிவு தோன்றியதாக எழுதினார்.

அந்தப் பத்துப் பேரில் முதல்வரின் கதையை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஐந்தாண்டுகளாகக் கிளர்ச்சியிலேயே இருந்தவர் அவர். லித்தியத்தால் தெளிந்து, சில மாதங்களில் வீடு சென்று, வேலைக்கும் போனார். நன்றாயிருந்ததால் மருந்தை விட்டார். நோய் திரும்பியது; மருத்துவமனைக்கு மீண்டும் வந்தார். 1950இல் லித்தியத்தின் நச்சுத்தன்மையால் இறந்தார். மருந்தை நிறுத்தினால் வரும் கேடு, மருந்து மிகுந்தால் வரும் கேடு ஆகிய இரண்டும் அவர் ஒருவர் வாழ்விலேயே எழுதப்பட்டுவிட்டன. லித்தியத்தில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறியது. இரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டும் என்ற முறை அதன் பின்னரே நிலைபெற்றது. இன்றும் லித்தியம் உண்பவர்கள் இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் நிலையையும் அவ்வப்போது பரிசோதித்துக்கொள்வது இதனால்தான்.

கேட் கண்டது கிளர்ச்சியை அடக்கும் மருந்து. இனி வரவிருக்கும் அலையையும் அது தடுக்கும் என்று காட்டியவர்கள் டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ, பால் கிறிஸ்டியன் பாஸ்ட்ரப் ஆகியோர். ஷோவின் உடன்பிறந்தவர் ஒருவர் திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வால் துன்புற்றவர். 1967இல் இருவரும் 88 பெண் நோயாளிகளின் வரலாற்றை வெளியிட்டனர். லித்தியம் இல்லாத காலத்தில் சராசரியாக எட்டு மாதத்திற்கு ஒருமுறை வந்த தாக்கம், லித்தியம் உட்கொண்ட காலத்தில் ஐந்தாண்டுகளோ அதற்கும் மேலோ தள்ளிப்போனதாக அவர்கள் கணக்கு காட்டியது.

1968இல் லண்டனைச் சேர்ந்த பிளாக்வெல், ஷெப்பர்டு ஆகிய இருவர் இதைக் கடுமையாக மறுத்தனர். அவர்கள் வாதம் சுழற்சியின் இயல்பிலிருந்தே எழுந்தது. அலைகள் நெருக்கமாக வரும் காலத்தில் நோயாளிக்கு மருந்து தொடங்கப்படுகிறது. நோய் தானாகவே ஏறி இறங்குவது. ஆகவே நெருக்கடிக்குப் பின் வரும் அமைதி மருந்தினால் வந்ததா, இயல்பாக வந்ததா என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. விடை 1970இல் வந்தது. ஏற்கெனவே லித்தியம் உண்டு நலமாயிருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அவர்கள் அறியாமலேயே மருந்தில்லாத மாத்திரை கொடுக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் அப்பிரிவில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்த பிரிவில் ஒருவருக்கும் திரும்பவில்லை.

நலமாயிருந்தவர்களிடமிருந்து மாத்திரையை எடுத்துப் பார்த்த சோதனை அது. நான் என் மாணவரிடம் அறியாமல் செய்ததை, அவர்கள் அறிந்து, கண்காணிப்போடு செய்து பார்த்திருக்கிறார்கள். ஃபால்ரே 1854இல் அவையில் சொன்னது அன்று எண்ணிக்கையால் உறுதியாயிற்று.

*

அதன் பின்னரும் சுழற்சியைப் பற்றிய அறிவு கூடிக்கொண்டே வந்தது. 1957இல் கார்ல் லியோன்ஹார்டு ஒருமுனை, இருமுனை என்று பிரித்ததை, 1966இல் ஸ்விட்சர்லாந்தில் ஆங்ஸ்ட்டும் ஸ்வீடனில் பெரிஸும் தனித்தனியே ஆராய்ந்து வலுப்படுத்தினர். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு பைபோலார் என்ற பெயரை ஏற்றது. 1974இல் டன்னரும் ஃபீவும் ஆண்டுக்கு நான்கோ அதற்கு மேலோ தாக்கம் வருபவர்களைத் தனிவகையாகக் குறித்தனர். 'விரைவுச் சுழற்சி' என்று வழங்குவது அதுவே.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். காலையில் சிரித்து மாலையில் சினப்பவரைப் 'பைபோலார்' என்று கேலி பேசும் வழக்கம் நம்மிடையே பெருகியிருக்கிறது. நோயின் கால அளவு அதுவன்று. மருத்துவ வரையறைப்படி மேனியா பொதுவாக ஒரு வாரமாவது நீடிக்க வேண்டும்; அதன் மிதவடிவம் நான்கு நாட்களாவது; மனச்சோர்வு இரண்டு வாரங்களாவது. பல மாதங்கள் நீள்வதும் உண்டு. இன்னொன்று, நாம் நினைப்பதுபோல் மேடும் பள்ளமும் சமமானவை அல்ல. அமெரிக்காவில் ஜட் குழுவினர் முதல்வகை இருமுனைப் பிறழ்வு கொண்ட 146 பேரைச் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2002இல் முடிவை வெளியிட்டனர். அவர்கள் ஏறத்தாழப் பாதி வாரங்கள் ஏதேனும் அறிகுறியோடு இருந்தார்கள். அவற்றுள் பெரும்பகுதி சோர்வின் வாரங்கள். ஊரார் கண்ணில் படுவது கிளர்ச்சி. அவர்கள் வாழ்நாளைத் தின்பது சோர்வு.

தூக்கத்திற்கும் இதில் பெரும் பங்குண்டு. தூக்கம் குறைவது கிளர்ச்சியின் அறிகுறி மட்டுமன்று, அதைத் தூண்டும் வாயிலாகவும் ஆகிறது என்று தாமஸ் வேரும் அவர் குழுவினரும் 1987இல் எழுதினர். இரவு விழித்து விழா வேலை பார்க்கும்படி நான் ஒருவரை ஊக்குவித்தது இதைப் படித்தபோது நினைவுக்கு வந்தது.

*

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களையும் சொல்கிறது. அழுகை என்றால் அது எதன் பொருட்டு, உவகை என்றால் எதன் பொருட்டு என்று கேட்பது நம் இலக்கியப் பயிற்சி. அந்தப் பயிற்சியே என்னைத் தவறச் செய்தது என்று இப்போது நினைக்கிறேன். மாணவரின் எழுச்சிக்கு நிலைக்களன் தேடி ஆர்வம் என்றேன். வீழ்ச்சிக்கு நிலைக்களன் தேடிச் சோம்பல் என்றேன். இந்நோயில் நிலைக்களன் இல்லாமலேயே மெய்ப்பாடு வந்துவிடும். வந்த பிறகு அது தனக்கான காரணங்களைத் தானே தேடிக்கொள்ளும். ஒரு நாளை மட்டும் பார்ப்பவருக்கு அக்காரணங்கள் உண்மைபோலவே தோன்றும். ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் அலை தெரியும்.

பின்னொரு நாள் பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்து அவர் பெயருக்கு நேரே இருந்த வரிகளைப் பார்த்தேன். மாதக்கணக்கில் முழு வருகை. பிறகு வரிசையாக விடுப்புக் குறிகள். பிறகு மீண்டும் முழு வருகை. கிரேபெலினின் கட்டங்கள் என் மேசை அறையிலேயே இருந்திருக்கின்றன. நாள்தோறும் நான்தான் அவற்றை நிரப்பியிருக்கிறேன். ஒருமுறையேனும் ஒருசேரப் புரட்டிப் பார்த்ததில்லை.

அவர் ஓராண்டு தாமதமாகப் பட்டம் பெற்றார். விடைபெற வந்தபோது நான் அந்தக் கேள்விக்காக மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கள் ஐயா, வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள்" என்றார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். மருத்துவர் சொன்னபடி நாள்தோறும் எழுதி வருவது. எத்தனை மணி நேரம் தூங்கினார், மாத்திரை உண்டாரா, மனம் சுழிக்கு மேலா கீழா, எத்தனை எண் என்று நான்கைந்து பத்திகள். சில பக்கங்களில் எண்கள் ஏறியிருந்தன. சில பக்கங்களில் இறங்கியிருந்தன. அவற்றுக்கு நடுவே பக்கம் பக்கமாக வெறும் சுழிகள்.

"ஒன்றும் இல்லாத நாளிலும் எழுத வேண்டுமா?" என்று கேட்டேன்.

"அந்த நாட்களைத்தான் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் ஐயா" என்றார்.